விளைவின் வேர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு விளைவைக் கண்டு மகிழ்வதும் வருந்துவதும் மனித இயல்பு. அவ்விளைவு எங்கிருந்து வந்தது எனத் தேடிச் செல்வது அறிவின் இயல்பு. பிறர் செயல்களுக்குக் காரணம் கூறுவதில் விரைவு காட்டும் நாம், நம் செயல்களின் காரணத்தை ஆராய்வதில் தயங்குகிறோம். தன்னைத் தானே ஆராய்வதற்குத் தமிழ் மரபு வகுத்துத் தந்துள்ள கருவிகள் சிலவற்றையும், அவற்றை வாழ்வில் கையாண்ட ஒருவரின் வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தறி கற்பிக்கும் பாடம்

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், கோவிலுக்கும் பூச்சந்தைக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற ஊர். தெருக்களில் நடந்தால் தறிகளின் ஓசை காதில் விழும். தறியில் நெய்யப்படும் துணியில் சிலவேளை குறை தோன்றுவதுண்டு. தேர்ந்த நெசவாளர் அக்குறையைக் கண்டதும் துணியைக் கடிந்துகொள்வதில்லை, தறியையும் கடிந்துகொள்வதில்லை. குறை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கிறார்.

குறை துணியின் குறுக்கே ஓடினால், அது ஊடையில் நேர்ந்தது. நாடா கொண்டு சென்ற நூல் அறுந்திருக்கலாம். தார்க்குச்சியில் நூல் தீர்ந்திருக்கலாம். குறை நீளவாக்கில் கோடாக ஓடினால், அது பாவில் நேர்ந்தது. அங்கும் அவர் உடனே முடிவுக்கு வந்துவிடுவதில்லை. அறுந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து, மேலும் சிறிது நெய்து பார்க்கிறார். கோடு மறைந்தால் காரணம் அறுந்த இழை. கோடு மறையாமல் தொடர்ந்தால், அச்சின் பல் ஒன்று வளைந்திருக்கிறது என்று கொள்கிறார்.

இச்சிறு செயலில் காரண காரிய ஆராய்ச்சியின் படிகள் யாவும் அடங்கியுள்ளன. விளைவை உற்றுநோக்கல், இயலக்கூடிய காரணங்களை எண்ணுதல், ஒன்றை மாற்றிப் பார்த்தல், விளைவு மாறுகிறதா எனச் சோதித்தல் ஆகியன அவை. துணியின் குறைக்கு இத்துணைப் பொறுமை காட்டும் மனிதர், தம் வாழ்வின் குறைக்கு அதனைக் காட்டுகின்றனரா என்பதே நம் முன்னுள்ள வினா. தேர்வில் மதிப்பெண் குறைந்தால், "எனக்கு அறிவில்லை" என்று தன்னைக் கடிந்துகொள்வாரும், "வினாத்தாள் கடினம்" என்று பிறவற்றைக் கடிந்துகொள்வாரும் உளர். முன்னவர் துணியைக் கடிந்துகொள்கிறார். பின்னவர் தறியைக் கடிந்துகொள்கிறார். இழையைத் தேடியவர் இருவருள் ஒருவரும் இலர்.

முக்காரணம்

காரணம் என்பது ஒருமையில் வழங்கும் சொல்லாயினும், ஒரு விளைவுக்குக் காரணம் ஒன்றே என்று தமிழ் அறிஞர் கருதவில்லை. சைவ சித்தாந்த நூலோர் காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூவகையாகப் பகுத்தனர். இதற்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டு குடம். குடத்திற்கு மண் முதற்காரணம். அதனை வனைய உதவும் தண்டும் சக்கரமும் துணைக்காரணம். வனையும் குயவன் நிமித்த காரணம். மூன்றனுள் ஒன்று இல்லையெனினும் குடம் இல்லை.

இப்பகுப்பை நம் வாழ்வுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மாணவர் பெறும் தேர்ச்சியைக் குடமாகக் கொள்வோம். அவருடைய காலம், உடல்நலம், முன்பு கற்றறிந்தவை ஆகியன மண். பள்ளி, ஆசிரியர், நூல்கள், வீட்டில் படிப்பதற்குக் கிடைக்கும் இடம், காலையில் வரும் பேருந்து ஆகியன சக்கரம். கற்க வேண்டும் என முடிவு செய்து, கிடைத்தவற்றைக் கொண்டு வனையும் அவருடைய உள்ளம் குயவன்.

மூன்றையும் வேறுவேறாகக் காண்பதால் விளையும் பயன் பெரிது. எல்லாத் தோல்விக்கும் தானே காரணம் என எண்ணுபவர், மண்ணிலும் சக்கரத்திலும் உள்ள குறையைக் குயவன்மேல் ஏற்றுகிறார். எல்லாத் தோல்விக்கும் சூழலே காரணம் என எண்ணுபவர், குயவன் உறங்கியதை மறந்து சக்கரத்தைப் பழிக்கிறார். முதல்வரிடம் மிகுவது சோர்வு; இரண்டாமவரிடம் மிகுவது சினம். இருவர்க்கும் பொதுவாக விளைவது ஒன்றுண்டு. அடுத்த குடமும் முன்னைய குடம் போலவே அமைகிறது.

ஆக்கும் காரணமும் அறிவிக்கும் காரணமும்

காரணத்தை ஏது என்னும் சொல்லாலும் வழங்குவர். அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம், ஏது அணியைக் காரக ஏது, ஞாபக ஏது எனப் பகுக்கிறது. காரகம் என்பது ஒன்றைச் செய்விப்பது; ஞாபகம் என்பது ஒன்றை அறிவிப்பது. நெருப்பு புகையை உண்டாக்குகிறது. ஆதலின் நெருப்பு காரகம். புகை நெருப்பு இருப்பதை அறிவிக்கிறது; ஆதலின் புகை ஞாபகம். புகையை விசிறியால் கலைத்துவிட்டால் நெருப்பு அணைந்துவிடாது.

செய்யுளின் அழகை விளக்க எழுந்த இவ்வேறுபாடு, தன்னாய்வுக்கும் துணைசெய்கிறது. குறைந்த மதிப்பெண், அடிக்கடி வரும் சினம், காலையில் எழ இயலாமை, நண்பரிடமிருந்து விலகியிருத்தல் ஆகியவற்றை நாம் குறைகள் என்கிறோம். இவற்றுள் பல புகையே. காலையில் எழ இயலாமைக்குச் சோம்பலே காரணம் என்று தன்னை இகழ்ந்துகொள்ளும் மாணவர், முந்தைய இரவில் எப்போது உறங்கினார் என்று பார்ப்பதில்லை. கணக்குப் பாடத்தில் ஆர்வமில்லை என்று கூறுபவர், கீழ்வகுப்பில் பின்னங்கள் விளங்காமல் போனதை நினைப்பதில்லை. ஆர்வமின்மை அங்கே நெருப்பன்று. விளங்காமை என்னும் நெருப்பிலிருந்து எழுந்த புகை.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவருக்கு வகுக்கும் நெறியும் இதுவே. நோய் இன்னது என ஆராய்தல், அது தோன்றிய காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியை ஆராய்தல், பின்பு பிழையாமல் செய்தல் என அந்நெறி அமைகிறது. மருந்து கடைசியில் வருகிறது. தன்னைத் திருத்திக்கொள்ள விரும்பும் நம்மிற் பலர் மருந்திலிருந்து தொடங்குகிறோம். புதிய கால அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிறோம். பழைய அட்டவணை ஏன் பயன்படவில்லை என ஆராய்வதில்லை.

தெரியுமா?

காக்கை பனைமரத்தில் அமர்ந்த வேளையில் பனம்பழம் விழுந்தது. காக்கை அமர்ந்ததால் பழம் விழுந்தது எனக் கருதுவதைக் 'காகதாலி நியாயம்' என்பர். அடுத்தடுத்து நிகழ்வதால் மட்டும் இரண்டு நிகழ்ச்சிகள் காரண காரியம் ஆகிவிடா. குறிப்பிட்ட பேனாவால் எழுதியதால் தேர்ச்சி பெற்றேன் என்பதும் இவ்வகையினதே.

சங்கிலியின் கண்ணிகள்

காரணமும் காரியமும் ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடுவன அல்ல. ஒன்றன் காரியம் மற்றொன்றன் காரணமாகித் தொடர்கிறது. இத்தொடர்ச்சியைச் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் இறுதிக் காதையில் காணலாம். 30 காதைகளைக் கொண்ட அக்காப்பியத்தின் நிறைவில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அறத்தை உணர்த்துகிறார். அங்கே பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்னும் 12 சார்புகள் கூறப்படுகின்றன. ஒன்று சார்ந்து மற்றொன்று தோன்றும். ஒன்று நீங்க மற்றொன்று நீங்கும் என்பது அதன் கருத்து.

பிறவியை விளக்கக் கூறப்பட்ட இச்சங்கிலியின் நடுக்கண்ணிகளை நம் அன்றாட வாழ்விலும் காண்கிறோம். படித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி ஒலிக்கிறது. ஓசை செவியில் படுகிறது, அது ஊறு. அதனால் சிறு இன்பம் எழுகிறது, அது நுகர்வு. எடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் விருப்பம் எழுகிறது, அது வேட்கை. எடுத்தபின் கீழே வைக்க மனம் வருவதில்லை, அது பற்று. ஒரு மணி நேரம் கழிந்தபின் எழும் வருத்தம் அதன் பயன். வருத்தத்தை மறக்க மீண்டும் கைப்பேசியை எடுத்தால், சங்கிலி வட்டமாகிவிடுகிறது.

சங்கிலி எனக் கண்டபின், அதனை எங்கே அறுப்பது என்பது அடுத்த வினா. பற்று வேரூன்றிய பின் மன உறுதியால் அதனோடு போராடுவது கடினம். ஊறு நிகழாமல் காப்பது எளிது. கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டுப் படிக்க அமர்பவருக்குப் பெரிய மன உறுதி தேவைப்படுவதில்லை. "எனக்கு மன உறுதி இல்லை" என்று பல நாள் தன்னை இகழ்ந்துகொண்டிருந்தவர், தாம் தவறான கண்ணியில் போராடியதை அப்போது உணர்கிறார்.

விதைத்த நாளும் விளையும் நாளும்

காரணத்திற்கும் காரியத்திற்கும் இடையே காலத்தொலைவு இருத்தலால், இரண்டையும் இணைத்துக் காண்பது அரிதாகிறது. மல்லிகை பயிரிடுவோர் கார்த்திகை மாதத்தை ஒட்டிச் செடிகளைக் கவாத்து செய்வர். கிளைகள் வெட்டப்பட்டு, இலைகள் நீக்கப்பட்டுச் செடி மொட்டையாக நிற்கும். கவாத்தின் பயனோ பங்குனியை ஒட்டியே பூவாக வெளிப்படும். இடைப்பட்ட மாதங்களில் செடியைப் பார்க்கும் புதியவர், உழவர் செடியை அழித்துவிட்டார் எனக் கருதக்கூடும்.

மனித வளர்ச்சியும் இத்தன்மையதே. நாள்தோறும் ஒரு பக்கம் படிக்கும் பழக்கம், முதல் திங்களில் ஒன்றையும் காட்டாது. நாள்தோறும் ஒரு சிறு பொய் சொல்லும் பழக்கமும் முதல் திங்களில் ஒன்றையும் காட்டாது. நற்செயலின் பயன் தாமதமாதலால் அதனைக் கைவிடுகிறோம். தீய பழக்கத்தின் பயன் தாமதமாதலால் அதனைத் தொடர்கிறோம். பயன் தோன்றும் நாளில் அதன் விதை மறந்துபோகிறது. எனவே அது ஊழ் என்றோ தற்செயல் என்றோ தோன்றுகிறது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இங்கே உதவுகிறது. மறதி அறுத்துவிடும் இழையை எழுத்து பிடித்து வைக்கிறது.

இருபாகமும் காண்டல்

சங்கரன்கோவிலின் தலவரலாறு சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசரைப் பற்றிக் கூறுகிறது. ஒருவர் சிவபெருமானே உயர்ந்தவர் என்றார். மற்றவர் திருமாலே உயர்ந்தவர் என்றார். வழக்குத் தீராமல் இருவரும் அம்பிகையிடம் சென்றனர். அம்பிகை தவமியற்ற, இறைவன் ஒருபாகம் சிவனும் ஒருபாகம் திருமாலுமாகிய சங்கரநாராயணராகக் காட்சியளித்தார் என்பது அவ்வரலாறு. அத்தவத்தை நினைவுகூரும் ஆடித்தபசு விழா ஆண்டுதோறும் அங்கே நடைபெறுகிறது.

இவ்வரலாற்றில் நாகர் இருவரும் பொய் கூறியவர் அல்லர். ஒவ்வொருவரும் கண்டது ஒருபாகம். அதனை முழுமை எனக் கொண்டதே பிணக்குக்குக் காரணம். மனிதர் உறவிலும் இது நிகழ்கிறது. நண்பர் இருவர் பிணங்கினால், ஒவ்வொருவரும் கதையைத் தமக்கேற்ற இடத்தில் தொடங்குகின்றனர். "அவர் என்னை இகழ்ந்தார், அதனால் பேசவில்லை" என்கிறார் ஒருவர். "அவர் பேசவில்லை, அதனால் இகழ்ந்தேன்" என்கிறார் மற்றவர். ஒருவர் காரியம் என்பதை மற்றவர் காரணம் என்கிறார். யார் முதலில் தொடங்கினார் என ஆராய்ந்தால் வழக்கு முடிவதில்லை. என் செயல் அவருக்குக் காரணமாக அமைந்தது எவ்வாறு என ஒவ்வொருவரும் வினவும்போது மறுபாகம் புலப்படத் தொடங்குகிறது. தன்னாய்வு என்பது தனியே அமர்ந்து செய்வதாயினும், அதில் பிறருடைய பார்வைக்கும் ஓர் இடம் வேண்டும்.

சிறையில் விளைந்த சிந்தனை

உள்ளம் காரணம், வாழ்வு காரியம் என்னும் கருத்தைத் தமிழில் பரப்பிய நூல்களுள் ஒன்று 'மனம் போல வாழ்வு'. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903இல் எழுதிய நூலின் மொழிபெயர்ப்பு அது. மனத்தைத் தோட்டத்திற்கு ஒப்பிட்டு, எண்ணங்களே விதைகள் என ஆலன் விளக்கினார். அதனைத் தமிழாக்கியவர் வ.உ.சிதம்பரனார். மொழிபெயர்த்த இடம் சிறைச்சாலை.

வ.உ.சி. 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வழக்கறிஞராகப் பணியாற்றிய அவர், 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல்கள் ஓடின. அயலவர் நிறுவனம் தன் கட்டணத்தைப் பெரிதும் குறைத்துப் போட்டியிட்டது. 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்திற்கு வ.உ.சி. துணைநின்றார். அதே ஆண்டு மார்ச் 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிலிருந்த அவர், மாடு இழுக்கும் செக்கை இழுக்குமாறு பணிக்கப்பட்டார். 1911இல் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலை பெற்றபோது நிறுவனமும் இல்லை. வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமையும் இல்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. மனம் போலவே வாழ்வு அமையும் என்றால், உயர்ந்த எண்ணம் கொண்ட அவருக்குச் செக்கும் வறுமையும் வாய்த்தது ஏன்? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு அந்நூலைப் போற்றுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அவருடைய துன்பத்திற்குக் காரணம் அவர் எண்ணத்தில் இருந்த குறை அன்று, அயலாட்சியின் அடக்குமுறை. முக்காரணப் பகுப்பு இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. சிறை என்னும் சக்கரத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. சிறையில் கழிந்த காலம் என்னும் மண்ணை எவ்வாறு வனைவது என்பதில் மட்டுமே அவருக்கு உரிமை இருந்தது. அவ்வுரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பயன் பின்வந்த ஆண்டுகளில் வெளிப்பட்டது. 'மனம் போல வாழ்வு' 1909இல் வெளிவந்தது. குறளின் அமைப்பைத் தழுவி எழுதிய 'மெய்யறம்' 1914இல் வெளிவந்தது. ஆலனின் மற்றொரு நூலைத் தமிழாக்கிய 'அகமே புறம்' அதே ஆண்டில் வெளிவந்தது. திருக்குறளின் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பிப்பதிலும் உழைத்தார். தன் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். வெளியுலகம் ஒரு வாயிலை அடைத்தபோது, தமிழுக்கு வேறொரு வாயில் திறந்தது.

பொறுப்பின் எல்லை

வ.உ.சி.யின் வாழ்வு உணர்த்துவது, எல்லாவற்றிற்கும் நானே காரணம் என்பதன்று. எதற்கும் நான் காரணமல்லேன் என்பதுமன்று. தன் பொறுப்பின் எல்லையைத் துல்லியமாக அறிதலே அது.

சங்கரன்கோவில் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியைச் சார்ந்தது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் மிகுதியாகப் பொழிய, இப்பகுதி உழவர் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். மழை பொய்த்துப் பயிர் கருகினால் அதற்கு உழவரைப் பழிப்பது அறியாமை. மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை என்றால், வரத்துக்கால் தூர்ந்திருப்பதையும் கரை பழுதுபட்டிருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு ஊரார் யாவரும் பொறுப்பு. வானத்தை மாற்ற இயலாது. வரத்துக்காலைத் தூர்வார இயலும். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் வானத்தை நோக்கிச் சினந்துகொண்டே வரத்துக்காலை மறந்துவிடுவர்.

வறுமையால் படிப்பை இழந்த ஒருவரை நோக்கி, "உன் எண்ணமே உன் நிலைக்குக் காரணம்" எனக் கூறுவது ஆராய்ச்சியன்று, இரக்கமின்மை. வறுமையைத் துடைப்பது சமூகத்தின் கடமை. அதேவேளையில், தன்னால் மாற்றக்கூடிய சிறு பகுதியைக் கண்டறிந்து அதில் கைவைப்பது தனிமனிதரின் கடமை. முதற்கடமை நிறைவேறும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போடுபவர் காலம் என்னும் மண்ணை இழக்கிறார்.

தன்னாய்வின் நெறி

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் தன்னாய்வுக்குரிய நெறி ஒன்று கிடைக்கிறது. முதலில், விளைவைத் தீர்ப்புக் கூறாமல் விவரிக்க வேண்டும். "நான் மோசமாகப் படிக்கிறேன்" என்பது தீர்ப்பு. "இவ்வாரம் மூன்று நாள் இயற்பியல் நூலைத் திறக்கவில்லை" என்பது விவரிப்பு. தீர்ப்பு வருத்தத்தைத் தரும். விவரிப்பு வழியைத் தரும்.

இரண்டாவதாக, கண்டது புகையா நெருப்பா என வினவ வேண்டும். 'ஏன்' என்னும் வினாவை ஒருமுறை கேட்டு நிறுத்தாமல், கிடைத்த விடையை நோக்கி மீண்டும் கேட்க வேண்டும். மூன்றாவதாக, மண், சக்கரம், குயவன் என மூன்றையும் பிரித்து, எதில் குறை எனக் காண வேண்டும். நான்காவதாக, சங்கிலியில் எளிதில் அறுக்கக்கூடிய கண்ணியைத் தேர வேண்டும். ஐந்தாவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, போதிய காலம் பொறுத்து, விளைவு மாறுகிறதா எனப் பார்க்க வேண்டும். நான்கை ஒருசேர மாற்றினால், பயன் தந்தது எது எனத் தெரியாமல் போகும். மாறவில்லையெனில் கொண்ட காரணம் பிழை. வேறொன்றைத் தேட வேண்டும். அது தோல்வியன்று, ஒரு காரணம் நீக்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

குறைகளை மட்டுமன்றி நிறைகளையும் இவ்வாறு ஆராய்தல் வேண்டும். நன்றாக எழுதிய தேர்வுக்கும், சினம் கொள்ளாமல் கடந்த நாளுக்கும் காரணங்கள் உண்டு. அவற்றை அறியாதவருக்கு வெற்றி ஒருமுறை வந்துபோகும் விருந்தினர். அறிந்தவருக்கு அது வீட்டில் ஒருவர். பதினோராம் வகுப்பு மாணவர் பலர்க்கு இனி வரும் ஆண்டுகள் மேற்படிப்பு, தொழில், உறவு எனப் பல முடிவுகளைக் கொண்டுவரும். அவற்றுள் சில தவறாகவும் அமையலாம். நீளவாக்கில் ஓடும் கோட்டைக் கண்டதும் துணியைக் கிழித்தெறியாமல், அறுந்த இழையைத் தேடி முடிச்சிடும் நெசவாளரின் நிதானம் அந்நாள்களில் வேண்டப்படும். முடிச்சிட்ட இடத்திலிருந்து துணி மீண்டும் செம்மையாக வளர்கிறது.

நூல்வெளி

வ.உ.சிதம்பரனார் (1872 – 1936) விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், தமிழறிஞர், பதிப்பாசிரியர். ஜேம்ஸ் ஆலனின் நூல்களை 'மனம் போல வாழ்வு', 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' எனத் தமிழாக்கினார். 'மெய்யறம்', 'மெய்யறிவு' ஆகியன அவர் இயற்றிய அறநூல்கள். செய்யுளில் அமைந்த அவருடைய சுயசரிதை 1946இல் நூலாக வெளிவந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்களிடம் உள்ள ஒரு நற்பழக்கத்தைத் தேர்ந்து, அதற்குரிய முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் ஆகியவற்றை எழுதுக.
2. உங்கள் பகுதியில் உள்ள நெசவாளர், உழவர், பழுதுநீக்குபவர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர் குறையின் காரணத்தைக் கண்டறியும் முறையைக் கேட்டு வகுப்பில் பகிர்க.
3. 'மனம் போல வாழ்வு அமையும்' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

குடத்திற்குச் சக்கரம் எவ்வகைக் காரணம்?
அ) முதற்காரணம் ஆ) துணைக்காரணம் இ) நிமித்த காரணம் ஈ) ஞாபக ஏது

குறுவினா

1. காரக ஏது, ஞாபக ஏது – வேறுபடுத்துக.
2. காகதாலி நியாயம் என்பது யாது?

சிறுவினா

1. கைப்பேசிப் பழக்கத்தை மணிமேகலை கூறும் சார்புகளுடன் பொருத்தி விளக்குக.
2. சங்கன், பதுமன் வரலாறு நண்பர்களின் பிணக்குக்கு எவ்வாறு பொருந்துகிறது?

நெடுவினா

'தன் பொறுப்பின் எல்லையை அறிதலே தன்னாய்வின் பயன்' – வ.உ.சி.யின் வாழ்வைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.